மன்னார்க் கரையில் மனையும் காற்றும்

வீடொன்றினுள்ளே மக்கள் வாழுங்கால் ஆங்குள்ள காற்று நாழிகைதோறும் பழுதுறுகின்றது. மூச்சினாலும், சமையலினாலும், நீராடுதலினாலும் அது வெம்மையும் ஈரமும் நாற்றமும் ஏற்கின்றது. அதனைப் புறத்தே போக்கிப் புதுக்காற்றை அகத்தே கொணர்தல் எந்நாட்டு மனைக்கும் இன்றியமையாதது. ஆயினும், போகும் காற்றோடு கூடவே போகின்ற வெம்மையை என் செய்வது என்னும் வினாவுக்கு உலகத்தார் யாவரும் ஒரே விடை கூறினாரல்லர். குளிர்நாட்டார் அதனைப் பிடித்து மீட்க முயன்றனர். எம்மவர் அது தொலைந்தாற் போதும் என்றனர். இவ்விரு விடைகளின் வரலாற்றையும், மன்னார்த் தீவையும் அதன் எதிர்க்கரையையும் நிலைக்களமாகக் கொண்டு, ஒருவாறு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். மன்னாருக்கும் வீடு சூடாக்குதற்கும் யாது தொடர்பு என்று மாணவர் சிலர் நகைத்தல் கூடும். தொடர்பு உண்டு, அது போகப்போக விளங்கும்.

முதலிற் குளிர்நாட்டு விடையைக் காண்போம். சுவீடன் நாட்டில் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி வரையில் பெரும்பாலான வீடுகள் எண்ணெயை எரித்தே சூடாக்கப்பட்டன. எண்ணெய் விலை நான்கு மடங்காகவே, அந்நாட்டார் சுவருக்கும் கூரைக்கும் தடித்த காப்புறை இட்டு, யன்னற் சந்துகளையெல்லாம் அடைத்தனர். வெம்மை உள்ளே நின்றது. கூடவே ஈரமும் நின்றது. சுவர்கள் பூஞ்சணம் பிடித்தன. ஆகவே விசிறியைக் கொண்டு காற்றை வெளியேற்றுதல் வேண்டியதாயிற்று. தளப்பரப்பின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் விநாடிக்கு 0.35 இலீற்றர் காற்று மாறவேண்டும் என்பது அந்நாட்டுக் கட்டட விதி. 100 சதுர மீற்றர் வீட்டுக்கு இது விநாடிக்கு 35 இலீற்றராகும். 20 பாகை வெம்மையுடைய அக்காற்றை உறைநிலை வரையிற் குளிரச் செய்தால், அதினின்றும் ஏறத்தாழ 850 வாற்று வெப்பம் பெறலாம். குசினியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் குழாய் வழியே இழுக்கப்படும் இக்கழிவுக் காற்றிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்து வீட்டுக்கே திருப்பித் தருவதுதான் கழிவுக்காற்று வெப்பப் பம்பி என்னும் பொறி.

அதன் செயன்முறை அரிதன்று. மிகக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் இயல்புடைய திரவமொன்று சுருட்குழாயினுள் ஓடுகின்றது. கழிவுக்காற்று அச்சுருளின்மேற் படுங்கால், திரவம் அதன் வெப்பத்தை உண்டு ஆவியாகின்றது. அவ்வாவியை மின்னால் இயங்கும் அமுக்கி நெருக்க, அது மேலும் சூடேறி, மற்றொரு சுருளில் மீண்டும் திரவமாகுங்கால் தன் வெப்பத்தை வீட்டு நீருக்குக் கொடுக்கின்றது. மின்சாரம் ஒரு பங்கு செலவாக, வெப்பம் மூன்று பங்கு கிடைப்பது வழக்கம். இஃது இல்லாததை ஆக்குவதன்று. தாழ்ந்த இடத்துக் கிடப்பதை உயர்ந்த இடத்துக்கு ஏற்றுவது. கிணற்றிலே துலா செய்வதை இது வெப்பத்துக்குச் செய்கின்றது.

இப்பொறியின் மூலவரலாறு எம்போன்ற வெப்பநாட்டாருக்குச் சிறிது வியப்பளிப்பது. அதன் எண்ணம் குளிரைப் பற்றிய கவலையில் மட்டும் பிறந்ததன்று. ஸ்கொத்லாந்தின் அரச வானியலாளரான சாள்ஸ் பியாசி ஸ்மித் என்பார் 1850ஆம் ஆண்டளவில், வெப்ப நாடுகளில் வாழும் ஐரோப்பியரின் அறைகளைக் குளிர்விக்கும் வழியொன்றை ஆராய்ந்தார். காற்றை நெருக்கிச் சூடேற்றி, அச்சூட்டைப் புறத்தே போக்கி, பின் விரியவிட்டாற் காற்று குளிரும் என்பது அவர் கருத்து. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற வில்லியம் தொம்சன் 1852இல் காற்றோட்டத்தாற் கட்டடங்களைச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரே பொறி இவ்விரு தொழிலையும் புரியவல்லது என்று காட்டினார். ஒஸ்திரியாவிற் பீற்றர் ரிற்றிங்கர் 1856ஆம் ஆண்டளவில் எபன்சே உப்பாலையில் இக்கொள்கையை முதன்முதல் நடைமுறைப்படுத்தினார். உப்புநீரைக் காய்ச்சுங்கால் வீணே எழும் ஆவியை நெருக்கி, அதனாலேயே மேலும் உப்புநீரைக் காய்ச்சினார். மன்னார் உப்பளத்தில் வெயிலும் காற்றும் கூலியின்றிச் செய்யும் வேலையை அங்கே இத்துணைப் பாடுபட்டுச் செய்யவேண்டியிருந்தது. 1938இல் சூரிச் நகரமண்டபம் ஆற்றுநீரின் வெப்பத்தைக் கொண்டு சூடாக்கப்பட்டது. அதன் பின்னரே, மேற்கூறிய எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, சுவீடனிற் கழிவுக்காற்றுப் பொறி வீடுகளுட் புகுந்தது.

இனி எம் நாட்டுக்கு வருவாம். தமிழர் அறை சூடாக்குதலை அறியாதவர் அல்லர். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையிலே கூதிர்க்காலத்து மாடமொன்று காட்டப்படுகின்றது. வேனிற்காலத்துத் தென்காற்றைத் தருகின்ற பள்ளியறையின் சாளரக் கதவு தாழிட்டு அடைக்கப்பட்டிருக்க, மாந்தர் அகன்ற வாயையுடைய தடவிலே நெருப்பிட்டு வெம்மை கொள்கின்றனர். ஒரே அறைக்கு வேனிலில் ஒரு நிலையும் கூதிரில் ஒரு நிலையும் உண்டு என்பதையும், யன்னல் எக்காற்றுக்கு எதிராக அமையவேண்டும் என்பதையும் அக்காலத்துக் கட்டடத்தார் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றாகும். சிலப்பதிகாரத்திற் சாளரத்துக்குக் காலதர் என்ற பெயர் வழங்குகின்றது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழியே யன்னல் என்ற இவ்விளக்கத்தைவிடச் சிறந்த இலக்கணத்தை எந்தப் பொறியியல் நூலும் கூறியதில்லை என்பது எமது துணிபு.

மன்னாரின் நிலை நெடுநல்வாடையின் நிலையினின்றும் வேறானது. ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீண்டு, மணலாலாய நாக்குப்போற் கடலினுள்ளே கிடக்கும் அத்தீவிலும், அதற்கெதிரே மாந்தை முதல் அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி வரை செல்லும் கரையிலும் ஆண்டுச் சராசரி வெப்பம் 28 பாகை அளவினது. மழை பெரும்பாலும் ஒற்றோபர் முதல் திசெம்பர் வரையே. கரையோர மக்கள் காற்றுக்கு அது வரும் திசையாற் பெயரிட்டுள்ளனர். வடக்கினின்று வருவது வாடை. கிழக்கினின்று வருவது கொண்டல். மேற்கினின்று வருவது கச்சான். தெற்கும் தென்மேற்குமாய் வைகாசி முதற் புரட்டாதி வரை ஓயாது வீசுவது சோளகம். வலை வீசுவதும், தோணியைக் கரையேற்றுவதும் இப்பெயர்களைக் கொண்டே பேசப்படும். மனை எடுப்பதற்கும் இவையே அளவுகோலாயின.

மாதோட்டம் பண்டைநாளிற் பெருந்துறையாயிருந்தமையும், பாடல்பெற்ற திருக்கேதீச்சரம் ஆங்கு நிலைத்திருப்பதும் யாவரும் அறிந்தவை. ஆயினும் அத்துறையிற் பொதுமக்கள் வாழ்ந்த மனைகள் மண்ணும் மரமும் ஓலையுமாய் இருந்தன போலும், அவை எஞ்சவில்லை. எனவே அண்மைக்காலம் வரை வழங்கிவந்த ஓலைவீட்டைக் கொண்டே பழமையை ஊகித்தல் வேண்டும்.

அவ்வீட்டின் அமைப்பைச் சிறிது ஊன்றி நோக்குதல் தகும். பனைமரத் துலாமும் சலாகையும் கொண்டு எழுப்பிய கூரை. அதன்மேற் பனையோலை அல்லது தென்னங்கிடுகு. கூரைச் சரிவு செங்குத்தானது. தாழ்வாரமோ குனிந்து புகவேண்டிய அளவுக்குத் தாழ்ந்தது. சுவர் கூரையைத் தொடுவதில்லை. இடையே ஒரு முழ அளவு வெளி விடப்படும். வெயில் தாழ்வாரத்தாற் சுவரிற் படாது தடுக்கப்படும்; மணலோடு வரும் சோளகம் கிடுகு வேலியாலே தன் வேகமும் மணலும் குறைந்து உள்ளே வரும்; வெம்மையுற்ற காற்று மேலெழுந்து சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியாலும் ஓலை இடுக்குகளாலும் தானே வெளியேறும். விசிறியில்லை, குழாயில்லை, மின்சாரமில்லை. விநாடிக்கு இரண்டு மீற்றர் வேகமுள்ள மெல்லிய காற்று ஒரு சதுர மீற்றர் வாயிலாற் புகுந்து, அதிற் பாதியே பயன்படுவதாகக் கொண்டாலும், விநாடிக்கு 1,000 இலீற்றர் காற்று வீட்டுக்குள் வருகின்றது. இது சுவீடன் விதி வேண்டும் அளவினும் ஏறத்தாழ 30 மடங்கு. அங்கே அளந்து அளந்து விடப்படுவது இங்கே வாரி இறைக்கப்பட்டது.

அடுக்களை பெருவீட்டினின்றும் பிரித்துத் தனிக்கொட்டிலாக அமைக்கப்பட்டது. வெம்மையும் புகையும் நெருப்பச்சமும் ஒருங்கே இருக்கும் இடத்தை உறங்கும் இடத்தினின்றும் நீக்கியது அது. அடுப்புப் புகை கூரையூடே சென்று ஓலையைப் பூச்சி அரியாது காத்தது. கழிவாகப் போகும் புகைக்கும் ஒரு பயன் கண்டனர் எனலாம். ஆனால் இதனைக் கூறி அக்காலத்தைப் பொற்காலம் என்று புனைதல் எமது கருத்தன்று. அப்புகையைக் கூரை மட்டும் உண்ணவில்லை. அடுப்படியில் நின்ற பெண்களின் கண்ணும் நெஞ்சும் உண்டன. ஓலை அடிக்கடி வேயவேண்டியது. ஒரு பொறி நெருப்புக்கு ஒரு குறிச்சியே இரையாகும். 1964 திசெம்பரில் தனுக்கோடியை அழித்த சூறாவளி மன்னாரையும் தாக்கியபொழுது, காற்றுக்கு வழிவிட்ட கூரைகள் காற்றோடே போயின.

போத்துக்கேயர் 1560இல் மன்னாரிற் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1658இல் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் கைப்பட்டது. இப்படையெடுப்புகளின் கதையை மாணவர் பாடநூல்களிற் கற்பர். எமக்கு வேண்டியது வீட்டுக்குள் புகுந்த சொற்களே. யன்னல் என்பதும் குசினி என்பதும் போத்துக்கேயச் சொற்கள். விறாந்தை என்பதும் அவர் வழி வந்தது என்பர். அதன் பிறப்பிடம் பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. காலதர் இலக்கியத்தில் உறங்க, யன்னல் எம் நாவில் ஏறிற்று. காற்று புகும் வழிக்கும் புகை போகும் அறைக்கும் பிறமொழிப் பெயர் வந்தமை, அவ்விரண்டின் அமைப்பும் அக்காலத்தே மாறியமையைக் குறிக்கும். ஒல்லாந்தர் தம் நாட்டுத் தாழ்ந்த அறைகளை இங்கே கட்டினாரல்லர். தடித்த சுவர், உயர்ந்த கூரை, ஆளுயரத்தினும் மேற்பட்ட யன்னல், நீண்ட விறாந்தை என்பவற்றை மேற்கொண்டனர். ஆட்சி அவரது, ஆனால் வீட்டின் வடிவை வகுத்தது எம் வெயில்.

இதற்குச் சிறந்த சான்று அரிப்பில் உள்ளது. முதலாவது ஆங்கிலத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த் (1798–1805) முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யுங்காற் தங்குதற்கென, கடலோரத்து மேட்டிலே இருமாடிக் கட்டடமொன்றை எழுப்பினார். 1804இல் நிறைவுற்ற அதனைத் தோறிக் மாளிகை என்பர். கிரேக்கரின் தோறிக் தூண்முறையைத் தழுவியமையின் அப்பெயர். செங்கல்லாற் கட்டிச் சுண்ணச்சாந்து பூசிய அதனை, தேசாதிபதியுடன் அங்கு வந்த ஜேம்ஸ் கோடினர் என்ற பாதிரியார் 1807இல் வெளியான தம் இலங்கை நூலிற் புகழ்ந்து வருணித்தார். கிரேக்கத் தூண் மன்னார்க் கரைக்கு வேற்றுப்பொருளே. எனினும் கட்டடம் நிற்கும் இடத்தை நோக்குக. கடற்காற்றை மறிப்பதற்கு ஒன்றுமில்லாத மேடு அது. நாற்புறமும் காற்றுக்குத் திறந்தது.

இவ்விடத் தெரிவு வெறும் ஆடம்பரம் அன்று. முத்துக்குளிப்பு மாசி முதற் சித்திரை வரை, கடல் அமைதியுறும் காலத்தே நிகழ்வது. தோணிகள் நள்ளிரவில் நிலக்காற்றைக் கொண்டு புறப்பட்டு, மறுநாட் பிற்பகலிற் கடற்காற்றைக் கொண்டு மீளும். கரைக்கு வந்த சிப்பிகள் வேலியடைத்த கொட்டுகளிற் குவிக்கப்பட்டு, சதை அழுகும்வரை விடப்பட்டன. பின்னரே கழுவி முத்தெடுப்பர். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேற்பட்டது. அத்தனையும் அழுகும் நாற்றத்தை எண்ணிப் பார்க்க. நோர்த் காலத்திற் குளிப்புப் பாளையம் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள கொண்டச்சியிலும், பின்னர் மறிச்சுக்கட்டியிலும் அமைந்தது. பல்லாயிரவர் வாழும் நகரமே அங்கே சில கிழமைகளுக்கு ஓலையாலும் கிடுகாலும் எழும். பருவம் முடிய மறையும். 1906இல் அங்கே கடமையாற்றிய இளம் அதிகாரி லெனார்ட் வூல்ஃப் பிற்காலத்துத் தம் வாழ்க்கை வரலாற்றிலே அந்நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும் மறவாது எழுதினார். தேசாதிபதிக்கு வடக்கே மேட்டில் மாளிகை. சிப்பி கழுவிய கூலியாளுக்குக் கொட்டுக்கருகே ஓலைக் குடில். தூய காற்று யாருக்கு, கழிவுக்காற்று யாருக்கு என்பது அங்கே திசைகாட்டியாலேயே பிரிக்கப்பட்டிருந்தது.

ஆங்கிலேயர் 1925இல் நடத்திய குளிப்போடு அவர்தம் முத்து வாணிகம் முடிவுற்றது. தோறிக் மாளிகையின் அடித்தளத்தைக் கடல் அரித்துவர, இன்று சிதைந்த சுவர்களே எஞ்சியுள்ளன.

அதன் பின்னர் வந்த மாற்றத்துக்கு மன்னனும் தேசாதிபதியும் காரணரல்லர். சீமேந்தும் தகரமும் கூரைத்தகடுமே காரணம். ஓலைக்கு அஞ்சியவன் தகரத்தை விரும்பியது இயல்பே. அது தீப்பற்றாது, ஆண்டுதோறும் வேயவேண்டா. ஆயின் உச்சிவெயிலில் அது அடுப்பின்மேல் வைத்த சட்டி போலாகின்றது. ஓலை வீட்டின் மற்றைக் கூறுகளைக் காத்துத் தகரத்தை மட்டும் மாற்றியிருந்தாற் கேடு குறைந்திருக்கும். அவ்வாறு நிகழவில்லை. சுவர் கூரைவரை எழுந்து காற்று வெளி அடைபட்டது; தாழ்வாரம் குறுகிற்று; அடுக்களை வீட்டுக்குள்ளேயே வந்தது.

போர் இதனை மேலும் கொடிதாக்கிற்று. 1990 ஒற்றோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ இரு பதிற்றாண்டுகள் புத்தளக் கரையில் அகதிகளாய் வாழ்ந்தனர். மன்னார்ப் பெருநிலத்துத் தமிழரிற் பலர் ஊர் ஊராகப் பெயர்ந்து, 2009இற் செட்டிகுளத்து முகாமில் தறப்பாளின் கீழ்ப் புழுங்கினர். தறப்பாட் கூடாரத்தில் நண்பகலில் இருந்தவனுக்குக் காற்றோட்டம் என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை.

மீள்குடியேற்றத்தின்பின் வீடுகள் எழுந்தன. இந்திய வீடமைப்புத் திட்டம் 2012 முதல் வீடொன்றுக்கு 5,50,000 ரூபா வழங்கி, உரியவரே தம் வீட்டைக் கட்டிக்கொள்ள வழிசெய்தது. தொகை போதவில்லை என்று கடன்பட்டோர் பலர். எனினும் யன்னல் எத்திசையில் இருக்கவேண்டும், அடுக்களை எங்கே அமையவேண்டும் என்பதில் வீட்டுக்குடையாளின் சொல்லுக்கு ஓரளவு இடமிருந்தது.

2015ஆம் ஆண்டில் அரசாங்கம் வேறொரு திட்டத்தை முன்வைத்தது. வடக்கிலும் கிழக்கிலும் 65,000 வீடுகளை, பன்னாட்டு நிறுவனமொன்று செய்து தரும் எஃகுப் பாகங்களாற் பொருத்துவது என்பதே அது. வீடொன்றின் விலை 21 இலட்சம் ரூபா அளவினது. தளபாடங்களும் உடன் வரும் என்றனர். மாதிரி வீடுகளைக் கண்ட பொறியியலாளரும், பொருளியலாளரும், மக்கட் பிரதிநிதிகளும் அதனை எதிர்த்தனர். அத்திவாரம் போதாது, கூரைத் தாங்கல் வலிவற்றது, விலை கல்வீட்டினும் மிகையானது என்பன அவர் கூறிய குறைகளுட் சில. எம் பொருளுக்கு உரியவை வேறு இரண்டு: காற்றோட்டம் குறைவு என்பதும், விறகடுப்புக்கும் புகைக்கூட்டுக்கும் இடமில்லை என்பதும் ஆம். கோடிக்கணக்கில் ஆராய்ந்து தீட்டிய வரைபடத்தில் அடுப்பு மறக்கப்பட்டது! மன்னார்க் கரையிற் குடிசை கட்டியவன் எவனும் இப்பிழையைச் செய்திரான். பல மாதம் நடந்த வாதத்தின்பின் 65,000 எஃகு வீடுகள் என்ற அத்திட்டம் நிறைவேறாதொழிந்தது.

எஃகு வீடு இழிந்த பொருள் என்று யாம் கூறவரவில்லை. இறுக மூடிய சுவர், அளந்து விடும் காற்று, கழிவினின்றும் வெப்பத்தை மீட்கும் பொறி என்பவை ஒன்றுக்கொன்று துணையாய் வளர்ந்தவை. சுவீடனில் அம்மூன்றும் ஒருசேர நின்று பயன் தருகின்றன. அவற்றுள் மூடிய சுவரை மட்டும் பெயர்த்து, பொறியும் மின்சாரமும் இன்றி, 28 பாகை வெம்மையுள்ள மணலில் நாட்டினால், எஞ்சுவது புழுக்கமே. அப்புழுக்கத்தைப் போக்க வசதியுடையோர் குளிரூட்டி வாங்குவர். குளிரூட்டியோ தொம்சன் 1852இற் கூறிய அதே பொறியே. சுவீடனிற் போகும் வெம்மையை உள்ளே இழுப்பது இங்கே இருக்கும் வெம்மையைத் தெருவுக்குத் தள்ளுகின்றது. அடுத்த வீட்டான் யன்னலைத் திறந்தால் அது அவனிடம் செல்கின்றது.

மன்னார்த்தீவின் தென்கரையிலே 2020 திசெம்பரில் தம்பபவனி என்னும் காற்றாலை திறக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் இலங்கை மின்சார சபை நிறுவிய அதன் 30 சுழலிகள் 100 மெகாவாற்றுக்குச் சிறிது மேற்பட்ட வலுவுடையன. மேலும் சுழலிகள் நாட்டுவதை எதிர்த்துத் தீவின் மக்கள் 2025இற் போராடினர். மழைநீர் வடிதல், மீன்பிடி, பறவைகள் என்பன பற்றிய அவர்தம் கவலைகள் தனியே ஆராயற்பாலன. ஈண்டு ஒன்றே குறிப்போம். ஓலைவீட்டின் தாழ்வாரத்தினூடே கட்டணமின்றிப் புகுந்த அதே சோளகம், இப்பொழுது சுழலியிற் பட்டு மின்சாரமாகி, நாடெங்கும் கம்பி வழியே சென்று, மூடிய அறைகளிற் குளிரூட்டிகளையும் இயக்குகின்றது. மாதமுடிவில் அதற்கான பட்டியல் வீட்டுக்கு வருகின்றது.

மன்னாரிலும் முசலியிலும் புதிய கல்வீடுகளிற் குடியேறியோர் பலர் முற்றத்தின் ஒரு புறத்தே, கிடுகு வேய்ந்து, அரைச்சுவர் வைத்து, வீட்டினின்றும் பிரிந்த சிறு கொட்டிலொன்றைத் தாமே கட்டிக்கொண்டுள்ளனர். வரைபடத்தில் அது இல்லை. சமையல் அங்கேதான் நடைபெறுகின்றது. சோளகக் காலத்துப் பிற்பகலிற் பாயை விரிப்பதும் அங்கேதான்.